கயிறு கட்டினாங்க, எலி நிக்கல

கன்டெயின்மென்ட் ஜோன்னு சொன்னாலே 2020-ல் தெருவை அடைச்சு வச்ச தகரம்தான் நம்ம ஞாபகத்துக்கு வரும். அதுக்கு 120 வருஷம் முன்னாடி, சான் பிரான்சிஸ்கோவில் கட்டின ஒரு கயிறைப் பத்தி இன்னைக்குப் பேசலாம்.

1900 மார்ச் 6. சைனாடவுனில் ஒரு சீனர் இறந்து கிடக்கிறார். உடம்பில் நெறி கட்டியிருக்கு. பிளேக்கோன்னு சந்தேகம். சோதனை முடியுறதுக்குள்ள, மறுநாளே சுமார் 12 பிளாக்கைச் சுத்திக் கயிறு கட்டிட்டாங்க. உள்ளே இருந்த வெள்ளைக்காரங்களை மட்டும் வெளியே விட்டாங்க.

எதிர்ப்பு கிளம்பவும், ரெண்டு மூணு நாளில் கயிறை அவிழ்த்தாங்க. அதுக்கப்புறம்தான் டாக்டர் ஜோசப் கின்யூனோட ஆய்வகத்தில், ஊசி போட்ட விலங்குகள் செத்தன. பிளேக் உறுதி! ஆனா கவர்னர் ஹென்றி கேஜ், பிளேக்கே இல்லைன்னு சாதிச்சார். வியாபாரம் படுத்துடுமேங்கிற பயம். கின்யூனை 1901-ல் வேற ஊருக்கு மாத்திட்டாங்க.

சைனாடவுன் மக்களுக்கோ வேற பயம். அதே ஜனவரியில்தான் ஹொனலூலுவில் பிளேக்கை ஒழிக்க அதிகாரிகள் வச்ச தீ கை மீறிப் போய், அங்கிருந்த சைனாடவுனையே எரிச்சிருந்தது. அதனால நோயாளிகளையும் பிணங்களையும் மறைக்க ஆரம்பிச்சாங்க. கண்காணிப்புக்கு வேண்டிய தகவலே அங்க நின்னுபோச்சு.

மே கடைசியில் மறுபடியும் கயிறு. இந்த முறை கோடு வளைஞ்சு நெளிஞ்சு போச்சு: சீனர் வீடெல்லாம் உள்ளே, பக்கத்திலேயே இருந்த மத்தவங்க கட்டடம் வெளியே. ஜூ ஹோ என்ற மளிகைக்கடைக்காரர் கோர்ட்டுக்குப் போனார். ஜூனில் நீதிபதி வில்லியம் மாரோ அந்தத் தடையை நீக்கினார். இது ஓர் இனத்தைக் குறிவைக்கும் பாகுபாடு என்றார். அதோட இன்னொரு விஷயமும் சொன்னார்: நோய் வந்த வீட்டைத் தனிமைப்படுத்தாம, 10,000 பேருக்கு மேல ஒரே வளையத்துக்குள்ள அடைச்சா, நோய் குறையாது, பரவத்தான் செய்யும்.

1904 வரை நீடிச்ச அந்தப் பிளேக் நூறு பேருக்கு மேல பலி வாங்குச்சு. 1907-ல் பிளேக் திரும்ப வந்தப்போ, செத்தவங்களில் பெரும்பாலானவங்க வெள்ளைக்காரங்க. இந்த முறை டாக்டர் ரூபர்ட் ப்ளூ சைனாடவுனை மட்டும் குறிவைக்கல. ஊர் முழுக்க எலி பிடிச்சாங்க. எந்த இடத்து எலின்னு ஒவ்வொண்ணுக்கும் சீட்டு கட்டி ஆய்வகத்துக்கு அனுப்பினாங்க. எங்க நோய் இருக்குன்னு அந்தச் சீட்டு காட்டுச்சு. 1908-ல் பிளேக் அடங்கிச்சு.

முதல் கோடு, யார் எந்த இனம்னு பார்த்துப் போட்டது. அடுத்தது, எலி எங்கே போகுதுன்னு பார்த்துப் போட்டது. இனி எங்கயாவது ஒரு தெருவை அடைச்சா, முதல்ல ஒண்ணு கேளுங்க: இந்தக் கோடு எதை வச்சுப் போட்டது?