நியூயோர்க் நகரப் பாடசாலைகளிற் கைத்தொலைபேசித் தடை: 1988 - 2025

விதியொன்றின் வரலாற்றை அதன் வாசகத்தை மட்டும் கொண்டு எழுதிவிட முடியாது. அது எந்த வாயிலில், எவர்மீது, எக்கருவியின் துணையோடு செயற்பட்டது என்பதையும் நோக்குதல் வேண்டும். மாணாக்கர் தொலைத்தொடர்புக் கருவிகளைப் பாடசாலைக்குள் கொண்டுவருதல் பற்றி நியூயோர்க் நகரில் 1988 முதல் நிகழ்ந்த பூசல் இதற்குத் தக்கதோர் எடுத்துக்காட்டாகும்.

நகரக் கல்விச் சபை 1988இல் விதித்த தடை கைத்தொலைபேசியை மனத்திற்கொண்டு எழுந்ததன்று. அக்காலத்தில் அது வசதி படைத்தோரின் உடைமை. மாணாக்கர் சிலர் இடுப்பிற் செருகிவந்தது பேஜர் என்னும் சிறு கருவியையே. தம்மை அழைப்பவரின் தொலைபேசி எண்ணைக் காட்டுவதற்கு மேல் அது அதிகம் செய்வதில்லை; எனினும் போதைப்பொருள் விற்போரின் அடையாளமாகவே அன்று கருதப்பட்டது. கொக்கெயின் வாணிபம் அமெரிக்க நகரங்களின் வறிய பகுதிகளைச் சீரழித்துக்கொண்டிருந்த காலம் அது. வேறு பல இடங்களிலும் இதையொத்த தடைகள் தோன்றின. நியூயோர்க்கின் விதியோ பேஜரோடு ஏனைய தொடர்புக் கருவிகளையும் சேர்த்தே விலக்கிற்று. பின்வந்த பிணக்குகளுக்கெல்லாம் வித்திட்டது இவ்விரிந்த வாசகமே எனலாம்.

அடுத்த பதினைந்து ஆண்டுகளில் பேஜர் மறைந்தது, கைத்தொலைபேசி மலிந்தது. 2001 செப்டெம்பர் 11ஆந் திகதி உலக வர்த்தக மையம் தகர்க்கப்பட்டபின், பிள்ளையின் கையில் தொலைபேசி இருத்தல் வேண்டும் என்ற எண்ணம் அந்நகரப் பெற்றோரிடையே வேரூன்றியது. சுரங்க ரயிலில் நெடுந்தூரம் தனித்துப் பயணஞ் செய்யும் பிள்ளைகள் அங்கு மிகப் பலர். விதி ஏட்டில் இருந்தது. பையிற் கிடந்த தொலைபேசியைப் பெரும்பாலான அதிபர்கள் காணாதவர்போல் இருந்தனர்.

இந்நிலை 2006 ஏப்ரிலில் மாறியது. நகரப் பாடசாலைகளின் நிருவாகம் 2002இலேயே கல்விச் சபையிடமிருந்து நகர முதல்வர் மைக்கல் புளூம்பேர்க்கின் கைக்கு வந்திருந்தது. ஆயுதங்களைக் கண்டறிவதற்கென, உலோகங் காணும் பொறிகளை முன்னறிவித்தலின்றிப் பாடசாலைதோறும் கொண்டுசெல்லும் திட்டத்தை அவர் தொடக்கினார். பொறிகள் கண்ட ஆயுதங்கள் சில. அகப்பட்ட கைத்தொலைபேசிகளோ ஆயிரக்கணக்கானவை. தேர்விற் கள்ளஞ் செய்யவும், உடைமாற்றும் அறைகளிற் படம் எடுக்கவும், சண்டைக்கு ஆள் திரட்டவும் தொலைபேசி பயன்படுகின்றதென நிருவாகம் வாதித்தது. அவ்வாதம் பொய்யன்று. ஆயினும் படலையிற் பறிப்பதற்கும் வகுப்பில் அணைத்துவைக்கச் சொல்வதற்கும் இடையேயுள்ள வேறுபாட்டை அது கணக்கில் எடுக்கவில்லை.

பெற்றோர் சிலர் அவ்வாண்டே வழக்குத் தொடுத்தனர். 2007 மே மாதத்தில் அது தள்ளுபடியாயிற்று. 2008 ஏப்ரிலில் மேன்முறையீட்டு நீதிமன்றமும் அத்தீர்ப்பை உறுதிசெய்தது. பயன்படுத்துவதை மட்டும் தடுப்பது நடைமுறையில் அரிதாகலின் வைத்திருப்பதையே தடுத்தல் நியாயமானது என்பது நீதிமன்றத்தின் கருத்து. இதற்கிடையில் நகரசபை, மாணாக்கர் பாடசாலைக்கு வரும்போதும் போகும்போதும் தொலைபேசி வைத்திருக்கும் உரிமையைச் சட்டமாக்கியது. முதல்வரின் மறுப்பாணையையும் 2007இல் மீறி நிறைவேற்றியது. வழியிற் கொண்டுவரலாம், வாயிலைக் கடக்கலாகாது என்பதே இவற்றின் கூட்டு விளைவு. முதற் தீர்ப்பு வெளிவந்ததற்கு அடுத்த மாதமே ஐபோன் விற்பனைக்கு வந்தது. நீதிமன்றம் ஆராய்ந்த கருவி, தீர்ப்பின் மை உலருமுன்னே பழையதாகிவிட்டது.

வாயிலில் எழுந்த இவ்விடைவெளியை வணிகம் நிரப்பியது. பாடசாலைகளுக்கு வெளியே சிறு லொறிகள் காலைதோறும் வந்து நின்றன. மாணவன் தொலைபேசியைக் கொடுத்து, இலக்கமிட்ட சீட்டைப் பெற்று, மாலையில் மீட்டுக்கொள்வான். அயலிலுள்ள கடைகளும் இத்தொழிலை மேற்கொண்டன. கட்டணம் பொதுவாக நாளொன்றுக்கு ஒரு டொலர். பாடசாலை ஆண்டுக்கு 180 நாட்கள் எனக் கொண்டால் ஒரு பிள்ளைக்கு 180 டொலர். இரு பிள்ளைகளுள்ள வீட்டில் 360 டொலர். 2012இல் புரொங்ஸ் பகுதியில் இத்தகைய லொறியொன்று கொள்ளையிடப்பட்டு ஏறத்தாழ 200 தொலைபேசிகள் பறிபோயின.

இக்கட்டணம் எல்லா மாணாக்கர்மீதும் விழவில்லை என்பதே ஈண்டு மனங்கொள்ளத்தக்கது. 1,700க்கு மேற்பட்ட பாடசாலைகளைக் கொண்ட அந்நகரில், நாள்தோறும் உலோகங் காணும் பொறிகள் இயங்கிய கட்டடங்கள் ஏறத்தாழ தொண்ணூறே. அவற்றிற் பயின்றோர் பெரும்பாலும் வறிய கறுப்பின, இலத்தீன் அமெரிக்க வழிவந்த பிள்ளைகள். பொறியில்லாத பாடசாலைகளிலோ பைக்குள் ஒளித்த தொலைபேசியை எவரும் தேடவில்லை. ஒரே விதி, ஒரு சாரார்க்கு அது ஏட்டுச் சுரைக்காய், மற்றொரு சாரார்க்கு நாளாந்த வரி. தடையை ஆதரித்தோரும் எதிர்த்தோரும் ஒழுக்கம், உரிமை, பாதுகாப்பு எனப் பேசிய அளவுக்கு இவ்வொரு டொலரைப் பற்றிப் பேசியிருந்தால் பூசல் விரைவில் தீர்ந்திருக்கும்.

2014இல் முதல்வரான பில் டி பிளாசியோ இவ்வேற்றத்தாழ்வையும் சுட்டிக்காட்டியே 2015 மார்ச் 2ஆந் திகதி தடையை நீக்கினார். பாடசாலைகள் தத்தமக்குரிய நடைமுறைகளைத் தாமே வகுத்துக்கொள்ள விடப்பட்டன. இரு மாதங்களின் பின் பீலண்ட், மேர்பி என்னும் பொருளியலாளர் இருவர் இங்கிலாந்தின் நான்கு நகரங்களிலுள்ள 91 பாடசாலைகளை ஆராய்ந்து வெளியிட்ட முடிவு சிந்தனைக்குரியது. தொலைபேசி தடுக்கப்பட்ட இடங்களிற் பெறுபேறுகள் உயர்ந்தன. அவ்வுயர்வு கல்வியிற் பின்தங்கிய மாணாக்கரிடமே மிகுதியாகக் காணப்பட்டது. முன்னணியில் நின்றோரிடம் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. (சுவீடனில் 2020இல் நடந்த ஆய்வு அத்தகைய பயனைக் காணவில்லை.) சமத்துவத்தின் பெயரால் நீக்கப்பட்ட தடைக்குச் சமத்துவத்தின் பெயராலேயே ஆதரவு திரட்டவும் இப்போது வழி பிறந்தது.

பத்தாண்டுகளில் அத்திசையிலேயே காற்று திரும்பியது. 2025இல் நியூயோர்க் மாநிலம் முழுவதற்குமென ஆளுநர் கதி ஹோக்குலின் முயற்சியால் நிறைவேறிய சட்டம், அவ்வாண்டு செப்டெம்பர் முதல் காலை மணியிலிருந்து மாலை மணிவரை இணைய வசதியுள்ள கைக்கருவிகளின் பயன்பாட்டைத் தடுக்கின்றது. 1988இல் அச்சமூட்டியது போதைப்பொருள்; 2006இல் ஒழுங்கீனம்; இம்முறை கவனச் சிதறலும் மனநலமும். ஆனால் சட்டத்தின் உட்பிரிவுகளைப் படிப்போர் பழைய வாயிலின் நினைவை அவற்றிற் காண்பர். தொலைபேசியைப் பயன்படுத்திய குற்றத்துக்காக மட்டும் எம்மாணவனையும் இடைநிறுத்தலாகாது. பகல்வேளையிற் பெற்றோர் பிள்ளையோடு தொடர்புகொள்ள ஒரு வழியைப் பாடசாலையே ஏற்படுத்துதல் வேண்டும். தொலைபேசிகளைச் சேமித்து வைக்கும் பெட்டிகளுக்கும் பைகளுக்குமென மாநிலம் 13.5 மில்லியன் டொலரை ஒதுக்கியது.