குடியிருப்பு வேறு, குடியுரிமை வேறு

'குடி' என்றால் குடும்பம், குலம், ஊரில் வாழும் மக்கள். அதில் உரிமை சேர்ந்து குடியுரிமை ஆனது. முன்பு பிரஜாவுரிமை என்று எழுதினார்கள். தோட்டத்துப் பெரியவர்கள் சிலர் இன்றும் அப்படித்தான் சொல்கிறார்கள்.

ஒரு நாட்டில் வெகுகாலம் குடியிருந்தாலே குடியுரிமை வந்துவிடாது. மலேசியாவில் சிவப்பு அடையாள அட்டை வைத்திருப்பவர் நிரந்தரவாசி. வேலை பார்க்கலாம், வரியும் கட்டுவார். ஓட்டுப் போட முடியாது. பேச்சுவழக்கில் இருவரையும் 'இந்நாட்டுக்காரர்' என்றே சொல்லிவிடுகிறோம். சட்டம் அப்படிச் சொல்வதில்லை.

1957 ஆகஸ்டு 31 முதல் 1962 செப்டம்பர் முடிய மலாயாவில் பிறந்தவருக்குப் பொதுவாக மண்ணே குடியுரிமை தந்தது. அதன்பின் பெற்றோரின் நிலையும் சேர்ந்துகொண்டது. அந்த விதிப்படி, குழந்தை பிறக்கும்போது தாய் தந்தையரில் ஒருவராவது குடிமகனாகவோ நிரந்தரவாசியாகவோ இருக்க வேண்டியிருந்தது.

இங்கேதான் பல குடும்பங்கள் மாட்டிக்கொள்கின்றன. கோயிலில் தாலி கட்டியதோடு நிறுத்தி, திருமணத்தைப் பதிவு செய்யாமல் விட்டால், சட்டத்தின் கண்ணில் பிள்ளை தாயின் நிலையையே பெறும். தாய் வெளிநாட்டவர் என்றால், தந்தையிடம் நீல அட்டை இருந்தும் பயனில்லை. பிறந்த பிறகு பதிவு செய்வதும் பெரும்பாலும் கைகொடுப்பதில்லை.

பிள்ளையின் பிறப்புப் பத்திரத்தில் 'வார்கநெகாரா' என்று இருக்கிறதா, 'புக்கான் வார்கநெகாரா' என்று இருக்கிறதா என்பதை வாங்கிய அன்றே பார்ப்பது நல்லது. பலர் அதைப் பார்ப்பது பன்னிரண்டு வயதில், மைகாட் எடுக்கப் போகும்போதுதான்.