வாடகையா, ஒத்தியா? வீட்டு வருமானத்தின் வரலாறு

நம் ஊர்களில் ஒரு குடும்பத்தின் கையில் கொஞ்சம் பணம் சேர்ந்தால் முதலில் எழுவது வீடு. அடுத்து எழுவது அவ்வீட்டின் மாடி. வளைகுடாவில் ஆண்டுக்கணக்கில் உழைத்தவரும், கடைவீதியில் சிறு வணிகம் செய்பவரும், ஓய்வு பெறும் நாளை எண்ணியிருக்கும் ஆசிரியரும் இதையே செய்கின்றனர். மாடி கட்டி முடிந்ததும் ஒரு கேள்வி வந்து நிற்கிறது: இதை மாத வாடகைக்கு விடுவதா, ஒத்திக்கு விடுவதா?

ஒத்தி என்பதை நாம் அனைவரும் அறிவோம். குடிவருபவர் ஒரு பெருந்தொகையை வீட்டுக்காரரிடம் கொடுக்கிறார். இரண்டு அல்லது மூன்று ஆண்டுகள் வாடகையின்றி வசிக்கிறார். தவணை முடிந்ததும் முழுத்தொகையையும் திரும்பப் பெற்றுக்கொண்டு வெளியேறுகிறார். சில ஊர்களில் இதைப் போக்கியம் என்பர். சென்னையில் லீசு என்பர். வாடகையும் ஒத்தியும் பார்வைக்கு ஒன்றுபோலத் தோன்றினாலும், இஸ்லாமியச் சட்ட வரலாற்றில் அவை வெவ்வேறு பாதைகளில் வந்தவை.

மக்காவின் வீடுகள்

வீட்டை வாடகைக்கு விடலாமா என்ற கேள்வி, முஸ்லிம்களின் வரலாற்றில் மக்கா நகரை முன்வைத்தே கூர்மையாக எழுந்தது. உள்ளூர்வாசியும் வெளியூர்வாசியும் அப்புனிதத் தலத்தில் சமம் என்று திருக்குர்ஆனின் 22ஆம் அத்தியாயம் கூறுகிறது. அப்படியானால் ஹஜ்ஜுக்கு வருபவரிடம் தங்கும் கட்டணம் வாங்கலாமா? ஹஜ் காலத்தில் வருவோர் தடையின்றித் தங்கும்பொருட்டு, மக்கா வீடுகளுக்குக் கதவு வைக்க வேண்டாம் என்று உமர் (ரலி) அவர்கள் கூறியதாக அறிவிப்புகள் உள்ளன. இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள் ஹஜ் காலத்தில் அங்கே வாடகை வாங்குவதை வெறுத்ததாகவும் நூல்கள் குறிப்பிடுகின்றன.

இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்கள் மாற்றுக் கருத்துக் கொண்டிருந்தார்கள். இது பற்றி இஸ்ஹாக் இப்னு ராஹவைஹி (ரஹ்) அவர்களுடன் அவர்கள் நடத்திய விவாதம் புகழ்பெற்றது. மக்கா வெற்றியின்போது, எங்கே தங்குவீர்கள் என்று கேட்கப்பட்ட நபி (ஸல்) அவர்கள், அகீல் நமக்கு வீடு எதையும் விட்டுவைக்கவில்லையே என்ற கருத்தில் பதிலளித்ததை இமாம் ஷாஃபிஈ சான்றாக வைத்தார்கள். வீடு ஒருவருக்கு உரியது என்பதால்தான் அகீல் அதை விற்க முடிந்தது. உரிமை உண்டெனில் வாடகையும் உண்டு என்பது அவர்களின் வாதம்.

கவனிக்க வேண்டியது இதுதான்: கருத்து வேறுபாடு மக்காவைப் பற்றியது மட்டுமே. ஏனைய ஊர்களில் வீட்டை வாடகைக்கு விடுவது 'இஜாரா' என்ற ஒப்பந்தமாக நான்கு மத்ஹபுகளிலும் ஏற்கப்பட்டது.

வருமானமும் பொறுப்பும்

வாடகை ஏன் ஆகுமானதாகிறது? நபி (ஸல்) அவர்களின் தீர்ப்பு ஒன்று இதற்கு அடிப்படையாக நிற்கிறது. வாங்கிய ஒன்றில் குறை கண்டு ஒருவர் திருப்பிக் கொடுத்தபோது, இடைப்பட்ட நாள்களில் கிடைத்த வருவாய் யாருக்கு என்ற வழக்கு எழுந்தது. இழப்புக்குப் பொறுப்பாக இருந்தவருக்கே வருவாயும் உரியது என்று அவர்கள் தீர்ப்பளித்தார்கள். சட்ட அறிஞர்கள் இதைப் பொதுவிதியாகவே போற்றினர்.

இந்த விதியை ஒரு வீட்டின் மீது பொருத்திப் பார்ப்போம். வாடகை வீட்டின் கூரை ஒழுகினால் சரிசெய்வது உரிமையாளரின் கடமை. வீடு இடிந்துவிட்டால் வாடகை அன்றோடு நின்றுவிடும். ஆகவே அவர் வாங்கும் வாடகை, அவர் சுமக்கும் பொறுப்பின் மறுபக்கம்.

ஒத்தியில் இந்தச் சமநிலை இல்லை. வீடு இடிந்தாலும் வீட்டுக்காரர் வாங்கிய தொகையைத் திருப்பித் தந்தே ஆக வேண்டும். ஏனெனில் அது கடன். கடன் கொடுத்தவரின் முதல் பத்திரமாக இருக்கிறது. கூடவே வீட்டின் பயனும் அவருக்குச் சேர்கிறது. ஒரு கணக்குப் போட்டால் இது விளங்கும். மாதம் 6,000 ரூபாய் வாடகை பெறக்கூடிய வீட்டை 5 லட்சம் ரூபாய்க்கு ஒத்தியாக விட்டால், குடியிருப்பவர் ஆண்டுக்கு 72,000 ரூபாய் பெறுமான பயனை அடைகிறார். அது கொடுத்த தொகையில் 14.4 விழுக்காடு. அதைப் பணமாக வாங்கினால் வட்டி என்று அஞ்சி விலகும் நாம், குடியிருப்பாக வாங்கும்போது பெயரை மாற்றிவிடுகிறோம்.

புகாராவிலிருந்து பொன்னானி வரை

இச்சிக்கல் தமிழ் நிலத்துக்கு மட்டும் உரியதன்று. ஹிஜ்ரி ஐந்தாம் நூற்றாண்டளவில் புகாரா, சமர்கந்து பகுதிகளில் 'பைஉல் வஃபா' என்ற வழக்கம் பரவியது. பணம் தேவைப்பட்டவர் தம் வீட்டையோ தோட்டத்தையோ 'விற்பார்'. பணத்தைத் திருப்பித் தரும்போது வாங்கியவர் சொத்தை மீட்டுத் தர வேண்டும். இடையில் அதன் பயனை வாங்கியவர் அனுபவிப்பார். ஹனஃபி அறிஞர்களிடையே இது நீண்ட விவாதத்தை எழுப்பியது. மக்கள் கடனில் மூழ்கியிருந்த நிலையைக் கண்டு சிலர் அனுமதித்தனர். பெயர் விற்பனையானாலும் உள்ளபடி அது அடைமானமே என்று வேறு சிலர் மறுத்தனர். 19ஆம் நூற்றாண்டில் தொகுக்கப்பட்ட உதுமானியரின் 'மஜல்லா' சட்டத்தொகுப்பு இதற்கு இடமளித்தது. ஷாஃபிஈ மத்ஹபைப் பின்பற்றும் ஹள்ரமவ்த் பகுதியிலும் 'உஹ்தா' என்ற பெயரில் இது வழங்கியது. எனினும் 1992இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாடமி, பயன் தரும் கடனே இது என்று கூறி, கூடாது எனத் தீர்மானித்தது.

நமக்கு இன்னும் நெருக்கமான சான்று பொன்னானியில் கிடைக்கிறது. 16ஆம் நூற்றாண்டில் அவ்வூரில் வாழ்ந்த ஜைனுத்தீன் மக்தூம் (ரஹ்) இயற்றிய 'ஃபத்ஹுல் முஈன்', தமிழகத்து ஷாஃபிஈ மதரஸாக்களிலும் ஓதப்படும் நூல். கொடுத்தவருக்குப் பயன் சேர வேண்டும் என்ற நிபந்தனையோடு தரப்படும் கடன் செல்லாது என்பதோடு, வாடகையையும் அது எடுத்துப் பேசுகிறது. கடன் கொடுத்தவர், அதைக் காரணமாக்கித் தம் சொத்தைக் கூடுதல் வாடகைக்குக் கடனாளியிடம் விடுவதை நிபந்தனையாக்கினால் அது ஹராம் என்கிறது. நம் ஒத்தி இதன் மறுதலை: இங்கே கடன் கொடுத்தவர் குடியிருப்பவர், கடனுக்காக வாடகை கூடவில்லை, குறைந்தோ மறைந்தோ போகிறது. பயன் கடன் கொடுத்தவரையே சேர்வதில் மட்டும் மாற்றமில்லை.

நம் மண்ணில் ஒற்றி

ஒற்றி என்ற சொல் தமிழில் மிகப் பழையது. இடைக்காலக் கல்வெட்டுகளில் நிலத்தை விற்கும் உரிமையோடு ஒற்றி வைக்கும் உரிமையும் சேர்த்தே பேசப்படுகிறது. பிரிட்டிஷ் ஆட்சியில் வந்த 1882ஆம் ஆண்டுச் சொத்துரிமை மாற்றச் சட்டம், அனுபவ அடைமானம் என்ற வகையில் அதற்குச் சட்ட வடிவம் தந்தது. ஊரார் அனைவரும் செய்ததை நம் முன்னோரும் செய்தனர். சட்டம் ஏற்றதால் மார்க்கமும் ஏற்றதாக எண்ணும் பழக்கம் வந்தது.

இதன் சுமை பெண்கள் மீது விழுவதையும் சொல்ல வேண்டும். காயல்பட்டினம், கீழக்கரை போன்ற கடற்கரை ஊர்களில் வீடு மகளுக்கு உரியதாக வழங்கப்படும் மரபு உண்டு. நபித்தோழர் ஸுபைர் (ரலி) அவர்கள் தம் வீடுகளை அறக்கொடையாக்கி, மணவிலக்குப் பெற்றுத் திரும்பும் தம் மகள் அங்கே வசிக்கலாம் என்று வகுத்ததையும் இங்கு நினைவுகூர்கிறோம். பெண்ணுக்கு வீடு ஓர் அரண் என்ற எண்ணம் இரண்டிலும் உள்ளது. அத்தகைய வீட்டை ஒத்திக்கு விட்டுப் பெற்ற தொகை திருமணத்துக்கோ வணிகத்துக்கோ செலவாகிவிட்டால், தவணை முடியும் நாளில் எங்கிருந்து தருவது? வேறொருவரிடம் ஒத்தி வாங்கி முன்னவருக்குக் கொடுப்பதே வழியாகிறது. வீடு பெயரளவில் அவளுடையது. அதில் அவள் குடியிருக்க முடிவதில்லை. ஒத்திக்கு வந்தவரின் நிலையும் எளிதன்று. அவரது வாழ்நாள் சேமிப்பும் அவ்வீட்டில் சிக்கிக் கிடக்கிறது.

வாடகைக்கு வந்த சட்டங்கள்

வீட்டுக்காரர்கள் வாடகையைத் தவிர்த்து ஒத்தியை நாடுவதற்கு, குடிவந்தவர் வெளியேற மாட்டார் என்ற அச்சம் ஒரு காரணம். அதற்கும் வரலாறு உண்டு. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில், 1941இல், சென்னை மாகாணத்தில் வாடகைக் கட்டுப்பாடு தொடங்கியது. 1946, 1949 ஆண்டுச் சட்டங்களைத் தொடர்ந்து 1960ஆம் ஆண்டுச் சட்டம் பல்லாண்டுகள் நீடித்தது. நியாய வாடகையை நிர்ணயித்து, சட்டம் கூறும் காரணங்களுக்காக மட்டுமே வெளியேற்றலாம் என்று அது குடியிருப்போரைக் காத்தது. வழக்குகளோ ஆண்டுக்கணக்கில் இழுத்தன.

2017ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறைக்கு வந்து பழைய சட்டத்தை மாற்றியது. இதன்படி வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருந்து வாடகை அதிகாரியிடம் பதிவாக வேண்டும். வேறு உடன்பாடு இல்லாவிடில் முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது. சுவர், குழாய், மின்கம்பி போன்றவற்றின் பெரும் பழுதுகள் உரிமையாளர் மீதும், அன்றாடச் சிறு பழுதுகள் குடியிருப்பவர் மீதும் வைக்கப்பட்டுள்ளன. நம் ஃபிக்ஹு அறிஞர்கள் முன்பே வகுத்த பொறுப்புப் பங்கீட்டோடு இது பெரிதும் ஒத்திருப்பதைக் காண்கிறோம்.

முதல் வீட்டை வாடகைக்கு விடுவோருக்கு

இந்த வரலாற்றிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியவை சில. கட்டுமானம் பாதியில் நிற்கிறது என்பதற்காக ஒத்திப் பணத்தை நாடாமல், கையிலுள்ள பணத்துக்கு ஏற்ப ஓர் அறையோ ஒரு போர்ஷனோ கட்டி வாடகையைத் தொடங்குவது நலம். வாடகை, காலம், பழுதுபார்ப்பு ஆகிய அனைத்தையும் எழுதிக்கொள்ள வேண்டும். கடன் உடன்படிக்கையை எழுதச் சொல்லும் மார்க்கம் இதில் அலட்சியத்தை விரும்பாது. அட்வான்ஸ் என்பது குடியிருப்பவரின் பணம். அவர் வெளியேறும் நாளில் கொடுக்கத் தயாராக அது இருக்க வேண்டும். அட்வான்ஸைப் பெருக்கி வாடகையைப் பெயரளவுக்குக் குறைப்பது ஒத்தியின் நிழலே. அவ்வாறு செய்யும் எண்ணமிருந்தால் முதலில் ஊர் ஆலிம்களிடம் கேட்டுத் தெளிவது கடமை. வாடகை வருமானத்தில் ஒரு பகுதியைப் பழுதுபார்ப்புக்கு ஒதுக்கலாம். மிச்சம் நிஸாபை எட்டி ஓராண்டு நின்றால் அதற்கு இரண்டரை விழுக்காடு ஜகாத் உண்டு. வாடகைக்கு விட்ட வீட்டின் மதிப்புக்கு ஜகாத் இல்லை என்பதே பெரும்பான்மை அறிஞர்களின் கருத்து.

ஏற்கெனவே ஒத்தியில் இருப்போர் பதற வேண்டியதில்லை. இருவரும் அமர்ந்து பேசி, நியாயமான மாத வாடகையை நிர்ணயித்து, அதை ஒத்தித் தொகையில் மாதந்தோறும் கழித்துக்கொண்டே வரலாம். அப்போது குடியிருப்பவர் கொடுத்த தொகை முன்கூட்டிச் செலுத்திய வாடகையாகிறது. தவணை முடிவில் வீட்டுக்காரர் தர வேண்டியதும் குறைகிறது. வீடு வீட்டுக்காரரிடம் மிஞ்சும். வட்டியின் கறை இருவரிடமும் மிஞ்சாது.

நம் வீடுகளையும் அவற்றால் வரும் வருவாயையும் அல்லாஹ் தூய்மையாக்கி, அவற்றில் பரக்கத் செய்வானாக! ஆமீன்.