நிலமும் பதிவும் இல்லாத ஊர்: கோலார் தங்கவயலும் அயல்நாட்டு அரசுகளின் அடித்தள நல்கைகளும்

அயல்நாட்டு அரசு தரும் சிறு நல்கை ஒன்றை ஓர் எளிய சங்கத்தால் பெற முடியாமல் போனால், விண்ணப்பம் எழுதத் தெரியாததே காரணம் என்று தொண்டு நிறுவன வட்டாரத்தில் சொல்வது வழக்கம். பயிற்சிப் பட்டறைகளும் திட்ட அறிக்கை எழுதுவதையும் வரவுசெலவுப் பட்டியல் போடுவதையும்தான் கற்றுத் தருகின்றன. கோலார் தங்கவயலை வைத்துப் பார்த்தால் இந்த விளக்கம் நிற்கவில்லை. அங்கே தடை, விண்ணப்பத் தாளைக் கையில் எடுப்பதற்கு முன்பே தொடங்குகிறது. நிலம் யார் பெயரில் இருக்கிறது? சங்கத்துக்கு அயல்நாட்டுப் பணம் வாங்கச் சட்ட உரிமை உண்டா? திட்டம் முடிந்த பிறகு அதன் செலவை யார் ஏற்பார்? இம்மூன்று கேள்விகளுக்கும் விடை சொல்ல முடியாமல் இருப்பதற்கு மக்களின் அறியாமை காரணமல்ல. ஒரு நூற்றாண்டுக்கு மேல் நடந்த சுரங்க நிர்வாகமும் அதன்மேல் வந்து சேர்ந்த சட்டங்களும் உண்டாக்கிய நிலை அது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

நிறுவனமே ஊரான வரலாறு

1880ஆம் ஆண்டில் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் நிறுவனம் தங்கவயலில் கால்பதித்த பிறகு வட ஆர்க்காடு, சேலம், சித்தூர் பகுதிகளிலிருந்து தொழிலாளர் குடும்பங்கள் வந்து குடியேறின. அவர்களில் பெரும்பாலோர் தமிழ் பேசும் தலித் மக்கள். 1902இல் சிவசமுத்திரத்திலிருந்து சுரங்கத்துக்கு மின்சாரம் வந்தது. பெங்களூருக்கு அது 1905இல்தான் கிடைத்தது. லைன் எனப்படும் வரிசைக் குடியிருப்பு வீடு, மருத்துவமனை, பள்ளி, குடிநீர், பொதுக் கழிப்பறை என எல்லாமே நிறுவனத்தின் சொத்து. சுரங்கங்கள் 1956இல் மைசூர் அரசிடமும் 1962இல் மத்திய அரசிடமும் சென்று, 1972இல் பாரத் கோல்டு மைன்ஸ் என்ற பொதுத்துறை நிறுவனமாக ஆனபோதும் இந்த அமைப்பு மாறவில்லை. 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்டது. அன்று வேலை மட்டும் போகவில்லை. ஊரை நடத்திவந்த ஏற்பாடே நின்றுபோனது.

இம்மக்களுக்கு அமைப்பாகத் திரளத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. அயோத்திதாசரின் சாக்கிய பௌத்த சங்கத்துக்கு மாரிக்குப்பத்தில் வலுவான கிளை இருந்தது. அவர் நடத்திய ‘தமிழன்’ இதழை ஜி. அப்பாதுரையார் 1920களில் தங்கவயலிலிருந்து மீண்டும் கொண்டுவந்தார். அயோத்திதாசரின் நூல்களைச் சித்தார்த்தா புத்தகசாலை அங்கிருந்தே அச்சிட்டு வெளியிட்டது. எட்டு மணி நேரம் பாறை உடைத்துவிட்டு வந்தவர்கள் சந்தா கட்டி இதழ் படித்த ஊர் அது.

அயல்நாட்டு ஒத்துழைப்பும் இந்த ஊருக்குப் புதிதல்ல. டாடா ஆதார ஆய்வு நிறுவனம், ஜப்பானின் ஒசாகா நகரப் பல்கலைக்கழகம், பிரிட்டனின் டர்ஹாம் பல்கலைக்கழகம் ஆகியவற்றின் அறிவியலாளர்கள் சேர்ந்து, தரைக்கு அடியில் இரண்டு கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தில் கருவிகளை அமைத்து, 1965இல் வளிமண்டல நியூட்ரினோவின் தடத்தைப் பதிவு செய்தனர். அந்தக் கூட்டு முயற்சியில் இந்தியாவின் பக்கம் கையெழுத்திட ஒரு தேசிய நிறுவனம் இருந்தது. மேலே லைனில் வாழ்ந்தவர்கள் சார்பில் கையெழுத்திடும் தகுதி கொண்ட அமைப்பு எதையும் சுரங்க நிர்வாகம் வளரவிடவில்லை.

நல்கை கேட்கும் தகுதிகள்

ஜப்பான் அரசின் அடித்தள மனிதப் பாதுகாப்பு நல்கைத் திட்டம் 1989இல் தொடங்கியது. அடிப்படைக் கல்வி, ஆரம்ப சுகாதாரம், வறுமை ஒழிப்பு போன்ற பணிகளுக்கு இலாப நோக்கற்ற உள்ளூர் அமைப்புகளே நேரடியாக விண்ணப்பிக்கலாம். ஒரு திட்டத்துக்கான வழக்கமான உச்சவரம்பு நீண்ட காலம் ஒரு கோடி யென்னாக இருந்தது. நம் பணத்தில் அரைக் கோடி ரூபாய்க்குச் சற்று மேல். கர்நாடகத்துக்குப் பெங்களூரில் உள்ள ஜப்பானியத் துணைத் தூதரகமே பொறுப்பு. அங்கிருந்து தங்கவயல் சுமார் நூறு கிலோமீட்டர்தான். ஆயிரக்கணக்கானோர் தினமும் ரயிலில் வேலைக்குப் போய்வரும் தூரம்.

சாம்பியன் ரீஃப் லைன் ஒன்றில் பிள்ளைகள் மாலையில் படிக்க ஒரு கட்டடம் வேண்டும் என்று ஒரு சங்கம் விண்ணப்பிப்பதாக வைத்துக்கொள்வோம். ஒப்பந்ததாரர்கள் மூவரிடம் விலைப்புள்ளி வாங்கலாம். கட்டட வரைபடம் போடலாம். அடுத்துக் கேட்கப்படுவது நில ஆவணமும் கட்டட அனுமதியும். சுரங்கப் பகுதி நிலம் நிறுவனத்தின் பெயரில் இருக்கிறது. மூன்று தலைமுறையாக ஒரே வீட்டில் இருந்தவர்களுக்கே கத்தா எனும் சொத்துப் பதிவு கிடைப்பது இழுபறியாக இருந்துவரும் இடத்தில், சங்கத்தின் பெயரில் நிலம் எங்கிருந்து வரும்? தூதரகத்தின் கேள்வி நியாயமானது. பிறர் நிலத்தில் பொதுப்பணத்தைப் போட எந்த அரசும் முன்வராது. விடை இல்லாமல் போனது சங்கத்தின் குற்றமுமல்ல.

நிலம் தேவைப்படாத திட்டமாக, மூச்சுக்கோளாறு பரிசோதனைக்கான ஓர் ஊர்தியைக் கேட்கலாம். சுரங்கத் தூசியால் நுரையீரல் கெட்ட முதியவர்கள் வாழும் ஊரில் அதன் தேவையை விளக்க வேண்டியதில்லை. ஆனால் இத்தகைய நல்கைகள் பொதுவாகக் கட்டடத்துக்கும் கருவிக்கும் பணம் தருமே தவிர, ஓட்டுநர் சம்பளம், மருந்து, டீசல் போன்ற நடைமுறைச் செலவுக்குத் தருவதில்லை. அதை விண்ணப்பதாரரே ஏற்பதாகக் காட்ட வேண்டும். சுரங்க வருமானம் நின்ற ஊரில் அந்த உறுதிமொழியைக் கொடுப்பதுதான் எல்லாவற்றிலும் கடினம்.

சட்டத்தின் வாசல்

இவற்றுக்கெல்லாம் முன்னால் நிற்பது அயல்நாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டம். 1976இல் நெருக்கடிநிலைக் காலத்தில் பிறந்து, 2010இல் புதிதாக எழுதப்பட்டு, 2020இல் மேலும் இறுக்கப்பட்ட சட்டம் இது. அயல்நாட்டு அரசு தரும் பணம், பெங்களூரிலேயே இந்திய ரூபாயாகக் கொடுக்கப்பட்டாலும், இச்சட்டத்தின்படி அயல்நாட்டுப் பங்களிப்புதான். பதிவு பெற ஓர் அமைப்பு மூன்று ஆண்டு இயங்கியிருக்க வேண்டும். அந்த மூன்று ஆண்டில் 15 லட்சம் ரூபாயாவது தன் பணிகளுக்குச் செலவிட்டிருக்க வேண்டும். பணம் முதலில் புது தில்லியில் உள்ள பாரத ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளைக் கணக்கில்தான் வந்துசேர வேண்டும். நிர்வாகச் செலவுக்கான வரம்பு ஐம்பதிலிருந்து இருபது விழுக்காடாகக் குறைந்துவிட்டது. பதிவு இல்லாதவர்கள் குறிப்பிட்ட தொகைக்கு மட்டும் முன் அனுமதி கேட்கலாம். அதற்குக் கொடையாளரின் உறுதிக் கடிதம் வேண்டும். கொடையாளரோ பதிவுச் சான்றை முதலில் கேட்பார்.

முன்பு இதற்கு ஒரு மாற்றுவழி இருந்தது. பதிவு பெற்ற பெரிய நிறுவனம் நல்கையை வாங்கி, அடித்தளச் சங்கத்துக்குப் பகிர்ந்து கொடுக்கலாம். 2020ஆம் ஆண்டுத் திருத்தம் அதை முற்றாகத் தடை செய்தது. இப்போது பெரிய நிறுவனமே நேரடியாக வேலையைச் செய்ய வேண்டும். லைன் மக்கள் ஆலோசனை சொல்லலாம், பணத்தைக் கையாள முடியாது. இத்திருத்தங்களை உச்ச நீதிமன்றம் 2022 ஏப்ரலில் நோயல் ஹார்ப்பர் வழக்கில் உறுதி செய்தது. அயல்நாட்டுக் கொடை பெறுவது முழுமையான உரிமை ஆகாது என்றும் கூறியது.

நாட்டின் இறையாண்மையைக் காக்கும் இந்த அக்கறையை எளிதாகத் தள்ளிவிட முடியாது. ஆயினும் எங்கிருந்து வருகிறது என்று தெரியாத பணத்தையும், இந்தியா அங்கீகரித்த தூதரகம் ஒப்பந்தம் போட்டு வழங்கும் சிறுதொகையையும் ஒரே தராசில் வைப்பது பொருந்தாது. 2003இல் ஜஸ்வந்த் சிங் நிதியமைச்சராக இருந்தபோது இந்திய அரசு சிறிய அளவில் உதவிவந்த நாடுகளிடமிருந்து நேரடி உதவி பெறுவதை நிறுத்தியது; அந்நாடுகள் விரும்பினால் தொண்டு நிறுவனங்கள் வழியாக உதவலாம் என்றது. அரசே காட்டிய வழி அது. அதே வழியில் பெரிய நிறுவனங்கள் மட்டுமே நடக்க முடியும் என்ற நிலையைப் பின்னாளில் வந்த சட்டம் உண்டாக்கிவிட்டது.

ஈழத்தின் வடக்கில் நடந்ததை இதோடு ஒப்பிடலாம். 2010இல் உருவான டாஷ் என்ற உள்ளூர் அமைப்பு, ஜப்பானின் இதே நல்கைத் திட்டத்தில் நேரடியாக ஒப்பந்தமிட்டு வன்னியில் கண்ணிவெடிகளை அகற்றிவருகிறது. நிலத்தை அங்குலம் அங்குலமாகச் சோதிக்கும் அந்த வேலைக்கு ஆள் உழைப்பே அடிப்படை. அதில் பெண்கள் பலர் ஈடுபட்டுள்ளனர். உள்ளூர் அமைப்பு சட்டத் தகுதியோடு இருந்தால், கட்டடமும் கருவியும் தாண்டிய பணிக்கும் இத்திட்டம் இடம் கொடுக்கும் என்பதற்கு இது சான்று.

செய்யக்கூடியவை

தங்கவயலில் பணமே இல்லாமல் தொடங்கி வென்ற முயற்சியும் உண்டு. அங்கே துப்புரவுத் தொழிலாளர் குடும்பத்தில் பிறந்த பெஜவாடா வில்சன், 1980களில் உலர் கழிப்பறைகள் பற்றிச் சுரங்க நிர்வாகத்துக்குக் கடிதம் எழுதினார். மனிதக் கழிவை மனிதர் அள்ளுவதைத் தடுக்கும் சட்டம் 1993இல் வந்த பிறகு, கழிப்பறைகளைப் புகைப்படம் எடுத்து அனுப்பி வழக்குத் தொடுப்பதாக எச்சரித்தார். நிர்வாகம் கழிப்பறைகளை மாற்றியது. அள்ளியவர்களுக்கு வேறு வேலை கொடுத்தது. 2016இல் அவருக்கு மகசேசே விருது கிடைத்தது. எத்தனை கழிப்பறை, எந்த லைன், யார் அள்ளுகிறார் என்று ஆதாரத்தோடு கேட்டதால் நிர்வாகம் பதில் சொல்லியாக வேண்டியதாயிற்று. நல்கை விண்ணப்பத்தின் சாரமும் அப்படிப்பட்ட ஆதாரமே.

ஆகவே தங்கவயல் சங்கங்கள் தூதரகத்தின் கதவைத் தட்டுவதற்கு முன் செய்ய வேண்டியவை சில. சங்கத்தைப் பதிவு செய்து, உள்ளூர் நன்கொடை எவ்வளவு சிறிதானாலும் ஆண்டுதோறும் தணிக்கை செய்த கணக்கு வைக்க வேண்டும். லைன்வாரியாகத் தேவைகளைக் கணக்கெடுத்து எழுதிவைக்க வேண்டும். பராமரிப்புப் பொறுப்பை நகராட்சியிடமோ மருத்துவமனையிடமோ எழுத்தில் வாங்க வேண்டும். மத்திய உள்துறை அமைச்சகம் தூதரகச் சிறுநல்கைகளுக்கு எளிய முன் அனுமதி முறை ஒன்றை வகுக்க வேண்டும். அதில் உள்ளூர்ச் சங்கத்துக்குப் பகிர்ந்தளிக்கவும் வழி இருக்க வேண்டும்.

எல்லாவற்றையும்விட அவசரமானது நிலம். சயனைடு மேடுகளாகக் குவிந்திருக்கும் சுமார் 3.3 கோடி டன் கழிவிலிருந்து தங்கம் எடுக்கும் திட்டத்துக்கு 2024 ஜூனில் கர்நாடக அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. சுரங்க நிறுவனத்தின் நிலங்களைத் தொழிற்பூங்காவுக்குப் பெறும் பேச்சும் நடக்கிறது. அந்தக் கைமாற்றம் முடிவதற்குள் லைன் வீடுகளுக்கு உரிமைப் பத்திரமும், ஒவ்வொரு லைன் தொகுப்புக்கும் பொதுப்பயன்பாட்டு நிலமும் மத்திய, மாநில அரசுகள் எழுதிக்கொடுக்க வேண்டும்.