வண்டி ஏறாத மலை

நேயர்களே, வஹகோட்டை என்றதும் மாத்தளை மாவட்டத்து மக்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது புனித அந்தோனியார் திருத்தலம். கலேவெலைக்கு அண்மையில், தென்னந்தோப்புகளுக்கும் வயல்களுக்கும் நடுவே அமைந்தது எங்கள் ஊர். கண்டி மன்னர்களிடம் சிறைப்பட்ட போர்த்துக்கேய வீரர்கள் சிலர் இங்கே குடியமர்த்தப்பட்டார்கள் என்பதும், இன்றைய கத்தோலிக்கக் குடும்பங்கள் பல அவர்கள் வழிவந்தவை என்பதும் வழிவழியாகச் சொல்லப்பட்டு வரும் செய்தி. கோயிலின் பெருமையைப் பலர் பேசியிருக்கிறார்கள். நான் இன்று பேச வந்தது வேறொரு கேள்வியைப் பற்றி. கடல் கடந்து வந்து, பீரங்கியும் துப்பாக்கியும் வைத்திருந்த அந்த வீரர்கள் இந்த மலைநாட்டில் ஏன் சிறைப்பட்டார்கள்?

1594-இல் தந்துறை, 1630-இல் ரந்தெனிவெலை, 1638-இல் கன்னொறுவை. மலைநாட்டை வெல்லப் புறப்பட்ட போர்த்துக்கேயப் படைகள் அழிந்த மூன்று களங்கள் இவை. பேரோ லோபேஸ் த சோசா, கொன்ஸ்தந்தீனு த சா, தியோகு த மேலோ ஆகிய மூன்று தளபதிகளும் அந்தப் போர்களோடு மாண்டார்கள். உடன் வந்த உள்ளூர்ப் படையினர் கட்சி மாறியது, கண்டி மன்னர்களின் போர்த்தந்திரம், மழை, காய்ச்சல் எனப் பல காரணங்களை வரலாற்று நூல்கள் சொல்கின்றன. அவற்றோடு இன்னொன்றையும் நான் சேர்ப்பேன். கரையோரத்துக்கும் கோட்டைக்கும் பழகிய படை, அதே சுமையோடும் அதே அணிவகுப்போடும் மலை ஏறியது. ஒருவர் பின் ஒருவராக மட்டுமே நடக்கக்கூடிய காட்டுப்பாதையில், ஆயிரம் பேர் கொண்ட படையும் ஓராள் அகலம்தான்.

கண்டி மன்னர்கள் இதை நன்கு அறிந்திருந்தார்கள். 1660-இல் பிடிபட்டு 1679-இல் தப்பிச் சென்ற ஆங்கிலேயர் ரொபேட் நொக்ஸ், 1681-இல் வெளியிட்ட தமது நூலில், நாட்டின் வழிகளை எளிதாக்க மன்னன் விரும்பவில்லை என்பதைக் குறித்திருக்கிறார். அதனால் அந்நாளில் மலைநாட்டின் வண்டி, சக்கரம் இல்லாத வண்டி. சிங்களத்தில் அதைத் தவலம் என்பார்கள். நாம் பொதிமாடு என்போம். கரையிலிருந்து உப்பு மேலே போகும். மலையிலிருந்து பாக்கு கீழே வரும். இருபுறமும் மூட்டை தொங்க, மாடுகள் வரிசையாக ஏறும். வண்டியிலிருந்து சக்கரத்தைக் கழற்றி நாலு குளம்பை மாட்டியதுபோல் இருந்தது அந்த ஏற்பாடு.

இந்தப் பழங்கதையை நான் புதிய கண்ணோடு பார்க்கக் காரணமானவன், கனடாவிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த என் மருமகன். அவன் அங்கே மேற்குப் பகுதியில் ஒரு வாகனத் திருத்தகத்தில் வேலை செய்கிறான். பனியில் ஓடும் மோட்டார் வண்டி ஒன்றின் படத்தைக் காட்டினான். முன்னே இரண்டு சறுக்குக்கட்டை, பின்னே சுழலும் இறப்பர் பட்டி, சக்கரம் இல்லை.

“மாமா, இது சமதரையில, பனியை இறுக்கிப் போட்ட பாதையில ஓடுறதுக்குச் செஞ்ச வண்டி. மலைக்கு ஏத்தணும்னா பாதி வண்டியைக் கழட்டணும்” என்றான்.

“ஏம்ப்பா, பெரிய எஞ்சினாப் போட்டா ஏறாதா?” என்று கேட்டேன்.

“பெரிய எஞ்சினாப் போட்டா சீக்கிரமாப் புதையும், மாமா!”

அந்த ஒரு வாக்கியம் என்னைப் பல நாள் தூங்கவிடவில்லை. அந்த வண்டியின் வரலாற்றைத் தேடிப் படித்தேன்.

கியூபெக் மாநிலத்தில் வல்கூர் என்னும் சிற்றூரில் 1907-இல் பிறந்தவர் ஜோசப் ஆர்மண்ட் பொம்பார்டியே. கைத்திறன் மிக்க மெக்கானிக். குளிர்காலம் வந்தால் அவ்வூரின் வீதிகள் பனியில் புதைந்து போகும்; குதிரை இழுக்கும் சறுக்குவண்டியே கதி. 1934-ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் அவருடைய இரண்டு வயது மகன் வயிற்று அழற்சியால் துடித்தான். மருத்துவமனைக்குக் கொண்டுபோக வழியில்லை. குழந்தை இறந்தது. ஏற்கெனவே பனிவண்டிச் சோதனைகளில் ஈடுபட்டிருந்த அந்தத் தகப்பன் அதன் பிறகு அதிலேயே மூழ்கினார். பற்சக்கரமும் பட்டியும் சேர்ந்த அவருடைய இயக்கமுறைக்கு 1937-இல் காப்புரிமை கிடைத்தது. ஏழு பேர் ஏறக்கூடிய வண்டி முதலில் வந்தது. பின்பு பன்னிரண்டு பேர் ஏறும் வண்டி. நோயாளிகளும் பள்ளிப் பிள்ளைகளும் தபால் மூட்டைகளும் அவற்றில் போயின. ஒருவரோ இருவரோ ஏறி ஓட்டும் சிறிய வண்டியை அவர் 1959-இல் விற்பனைக்கு விட்டார். அதுவே பிறகு உலகெங்கும் விளையாட்டு வண்டியாகப் பரவியது.

ஆனால் அந்தச் சிறிய வண்டி சமதரைக்கு உரியது. மேற்கே ரொக்கி மலைத்தொடரில் ஆளுயரத்துக்கு மேல் விழும் மென்பனியில் அது மூழ்கியது. அங்கிருந்தவர்கள் தங்கள் கொட்டில்களில் வைத்து வண்டியைப் பிரித்து மலைக்கேற்ப மாற்றத் தொடங்கினார்கள். கம்பெனிகள் பிற்பாடு மலைக்கென்றே தனி வகைகளை வெளியிட்டன. இன்றும் பழைய பாதைவண்டியை வாங்கி, தாமே மாற்றிக்கொள்வோர் உண்டு.

என்ன மாற்றுகிறார்கள்? மருமகன் சொன்னதையும் படித்ததையும் சேர்த்து, என் மொழியில் ஐந்தாகச் சொல்கிறேன்: பாதம், பல், மூச்சு, இடுப்பு, எடை.

முதலாவது பாதம். பாதைவண்டியின் பட்டி 120 முதல் 137 அங்குலம் வரை சுற்றளவு கொண்டது. மலைக்கு 154 அங்குலமும் அதற்கு மேலும் வேண்டும். பட்டி நீண்டால் வண்டியின் பாரம் அதிகப் பரப்பில் பரவும், புதையாது. சேற்று வயலில் பலகை போட்டு நடப்பதும் இதே கணக்குத்தான். பட்டியை நீட்டினால் அது சுழலும் கூட்டையும், அதைத் தாங்கும் சட்டத்தையும் பின்புறம் ஒட்டு வைத்து நீட்ட வேண்டும்.

இரண்டாவது பல். பட்டியின் வெளிப்புறத்தில் துருத்தி நிற்கும் இறப்பர்ப் பற்கள் பாதைவண்டியில் ஓரங்குலம் அல்லது சற்றே கூட இருக்கும். மலைவண்டியில் இரண்டரை முதல் மூன்று அங்குலம். அவை துடுப்புப்போல் மென்பனியைப் பின்னே தள்ளும். பல் நீண்டால் கூட்டின் உட்புறத்தில் உராயும். அதனால் பட்டியை ஓட்டும் உட்சக்கரங்களையும் மாற்ற வேண்டும்.

மூன்றாவது மூச்சு. மேலே போகப் போகக் காற்று மெலியும். ஒவ்வோராயிரம் அடிக்கும் எஞ்சினின் வலு ஏறத்தாழ நூற்றுக்கு மூன்று குறையும் என்பது கணக்கு. 8,000 அடி உயரத்தில் காற்பங்கு வலு போய்விடும். காற்று குறைந்தபோது பெற்றோல் பழைய அளவிலேயே வந்தால் எஞ்சின் திக்குமுக்காடும். எனவே காபுரேட்டரின் துளையைச் சிறிதாக்குவார்கள். கிளட்சின் எடைக்கற்களை மாற்றி, சங்கிலிப் பெட்டியின் பற்சக்கரத்தையும் மாற்றி, வேகத்தைக் குறைத்து இழுவையைக் கூட்டுவார்கள்.

நான்காவது இடுப்பு. சமதரையில் முன்சறுக்குகள் அகன்று இருந்தால் வண்டி சாயாது, நல்லது. மலைச்சரிவில் குறுக்கே போகும்போது வண்டி சாய்ந்தே ஆக வேண்டும்; அகலம் அங்கே பகை. ஆகவே சறுக்குகளை நெருக்கி, ஓட்டுபவர் உடலால் வண்டியைச் சாய்க்கும்படி செய்கிறார்கள்.

ஐந்தாவது எடை. தேவையில்லாத ஒவ்வொன்றையும் கழற்றி வீசுகிறார்கள்.

கவனியுங்கள் நேயர்களே. சமதரையில் நன்மையாக இருந்த அகலமும் வேகமும் கனமும் மலையில் தீமையாகிவிட்டன. போர்த்துக்கேயப் படை சுமந்து வந்த நன்மைகளும் இவையே அல்லவா? எங்கள் ஊருக்கு அவர்களைக் கொண்டுவந்து சேர்த்தது, மாற்றப்படாத வண்டி.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மாற்றிய வண்டி, முன்னே மனிதன் போக முடியாதிருந்த சரிவுகளைத் திறந்துவிட்டது. அங்கே பனிச்சரிவு காத்திருந்தது. 2010 மார்ச்சில் பிரிட்டிஷ் கொலம்பியாவில் ரெவல்ஸ்டோக் நகருக்கு அண்மையில் உள்ள பௌல்டர் மலையில், பனிவண்டிக்காரர்கள் திரண்டிருந்த இடத்தில் சரிவு பெயர்ந்து இருவர் மாண்டனர். ஒரு குழந்தையின் சாவோடு வளர்ந்த வண்டி, விளையாட்டாக மாறியபின் வேறு சாவுகளுக்கு வழிகாட்டியது. எந்த இயந்திரமும் மலையேறக் கூலி கேட்கிறது. கூலியைக் கொடுப்பவர் யார் என்பதே வரலாற்றின் கேள்வி.

அந்தக் கேள்வியோடு நம் மலைக்குத் திரும்புவோம். 1815-இல் கண்டியைப் பிடித்த ஆங்கிலேயர், மன்னர்கள் மூடி வைத்த வழியைத் திறந்தார்கள். தேசாதிபதி எட்வேட் பார்ன்ஸ் 1820-களில் கொழும்பு–கண்டி வீதியை வெட்டுவித்தார். அதை அமைத்த பொறியாளர் டோசனின் நினைவுக்கோபுரம் இன்றும் கடுகண்ணாவையில் நிற்கிறது. அவர்கள் வண்டியை மாற்றவில்லை; மலையையே வண்டிக்கேற்ப வெட்டினார்கள். பிறகு புகையிரதம் வந்தது. 1867-இல் கண்டிக்கும் 1880-இல் மாத்தளைக்கும் அது எட்டியது. கடுகண்ணாவை ஏற்றத்தில் ஏறத்தாழ 45 அடிக்கு ஓரடி உயர்வு. பின்னிருந்து தள்ள இன்னோர் எஞ்சின் வேண்டியிருந்தது. அதைவிடச் செங்குத்தான நீலகிரியில், மேட்டுப்பாளையம் முதல் குன்னூர் வரை 1899-இல் ஓடத் தொடங்கிய வண்டிக்குப் பல்லே முளைத்தது. 12 அடிக்கு ஓரடி உயரும் இடத்தில், தண்டவாளங்களுக்கு நடுவே பதித்த பற்பாளத்தை எஞ்சினின் பற்சக்கரம் கவ்வி ஏறுகிறது. மருமகன் சொன்ன பட்டிப்பல்லுக்கு அது பாட்டன்.

ஆனால் வீதியும் புகையிரதமும் வந்த இடத்துக்கும் கோப்பித் தோட்டத்துக்கும் நடுவே பெரிய இடைவெளி இருந்தது. அந்தச் சரிவுகளில் வண்டியையும் மாற்றவில்லை, மலையையும் வெட்டவில்லை. வேறொன்று கிடைத்தது, மலிவாக. தமிழ்நாட்டின் வறண்ட கிராமங்களிலிருந்து மக்கள் கப்பலேறி மன்னார்க் கரையில் இறங்கினார்கள். வன்னிக் காடுகளைத் தாண்டி, தம்புள்ளை, நாலந்தை வழியாக, எங்கள் ஊருக்குக் கிழக்கே செல்லும் பாதையில் மாத்தளைக்கு நடந்தார்கள். வாந்திபேதியாலும் காய்ச்சலாலும் பசியாலும் வழியிலேயே விழுந்தவர் பலர். நடந்து சேர்ந்தவர்கள் தோட்டத்தின் வண்டியானார்கள். அரிசி மூட்டையை மேலே சுமந்தார்கள். கோப்பி மூட்டையை வீதிவரை கீழே சுமந்தார்கள். 1869-இல் இலைநோய் தாக்கிக் கோப்பி அழிந்தது, தேயிலை வந்தது. சுமை பெயர் மாறியது; முதுகு மாறவில்லை.

ஐந்து மாற்றங்களை எண்ணிச் சொன்னேன். இந்த மக்களின் உடலில் அந்த ஐந்தும் நிகழ்ந்தன. வெறும் பாதம் அகன்றது. கால்விரல் பல்லாகி மண்ணைக் கவ்வியது. நெஞ்சு மெல்லிய காற்றுக்குப் பழகியது. இடுப்பு சரிவோடு சாய்ந்தது. தேவையில்லாதவை என்று கழற்றி வீசப்பட்டவற்றில் ஊரும் உறவும் இருந்தன. வண்டியை மாற்ற ஒரு கொட்டிலும் சில மாதங்களும் போதும். மனிதரை மாற்ற நான்கு தலைமுறை ஆயிற்று.

பொம்பார்டியே தம் குழந்தைக்காக வண்டி செய்தார். அந்த வழிநடையில் இறந்த குழந்தைகளுக்காக யாரும் வண்டி செய்யவில்லை. அவர்களை இழந்தவர்களிடம் கைத்திறன் இல்லாமல் இல்லை. ஒரு திருகாணிகூட அவர்களுக்குச் சொந்தமாக இருக்கவில்லை.

இன்று லயத்துக்கு அருகே லொறி வருகிறது. உழவு இயந்திரம் கொழுந்து ஏற்றுகிறது. ஆனால் அவை நிற்பது வீதியில். செடிக்கும் வீதிக்கும் நடுவே இருக்கும் அந்தச் சரிவில், மழையில் நனைந்து கனத்த கொழுந்து இன்றும் பெண்களின் முதுகில்தான் இறங்குகிறது. நாளொன்றுக்கு 18 கிலோ, 20 கிலோ என்று கணக்கப்பிள்ளை தராசைப் பார்த்துக் குறித்துக்கொள்கிறார். அந்தச் சிறிது தூரத்துக்கு ஒரு வண்டி செய்ய முடியாதா என்று கேட்டால், செய்யலாம், கட்டுப்படியாகாது என்பார்கள். பனிமலையில் விளையாட ஒரு வண்டியை ஐந்து விதமாக மாற்றத் தெரிந்த உலகில், கட்டுப்படியாகாதது எது என்பதை, நேயர்களே, நீங்களே எண்ணிப் பாருங்கள்.