விதைத்த இடத்திற்கு அடையாளக் குச்சி எதற்கு?



திண்டுக்கல்லிலிருந்து மதுரைக்குச் செல்லும் வழியில், சின்னாளப்பட்டிக்கு அருகே, சிறுமலையின் அடிவாரத்தில் காந்திகிராமம் அமைந்திருப்பதை நாம் அறிவோம். 1947-இல் டாக்டர் சௌந்தரம் அம்மையாரும் அவருடைய கணவர் ஜி. இராமச்சந்திரனும் அதனைத் தொடங்கினர். 1956-இல் அங்கே கிராமிய உயர்கல்வி நிறுவனம் உருவாயிற்று. 1976-இல் அது நிகர்நிலைப் பல்கலைக்கழகமாயிற்று. காந்தியடிகளின் ஆதாரக் கல்வியே அதன் ஆணிவேர். ஆயினும், கிராமத்திற்கென்று உயர்கல்வி வேண்டும் என்ற எண்ணம் நம் நாட்டில் வலுப்பெற்றதற்கு, தொலைதூர டென்மார்க்கில் வாழ்ந்த ஒரு போதகரும் காரணமானார் என்பதை நம்மில் சிலரே அறிவர்.

1948-இல் டாக்டர் இராதாகிருஷ்ணன் தலைமையில் பல்கலைக்கழகக் கல்விக் குழு அமைக்கப்பட்டது. மறு ஆண்டு வெளிவந்த அதன் அறிக்கை, டென்மார்க்கின் மக்கள் கல்லூரிகளை முன்மாதிரியாக எடுத்துக்காட்டி, இந்தியாவில் கிராமியப் பல்கலைக்கழகங்கள் வேண்டுமெனப் பரிந்துரைத்தது. பல்கலைக்கழகக் கல்வியில் ஒரே ஒரு சீர்திருத்தத்தைச் சொல்லவேண்டுமானால் அது தேர்வுமுறையைப் பற்றியதாகவே இருக்கும் என்றும் அக்குழு கருதியது.

அந்த மக்கள் கல்லூரிகளுக்கு வித்திட்டவர் நிக்கோலாய் குருண்ட்விக் (1783–1872). இவர் லூத்தரன் சபைப் போதகர். இவர் இயற்றிய ஞானப்பாட்டுகள் இன்றும் டென்மார்க்கின் ஆலயங்களில் பாடப்படுகின்றன. அக்காலத்துப் பள்ளிகள் லத்தீன் இலக்கணத்தை மனப்பாடம் செய்வித்து, ஒப்பிக்கச் செய்து, தவறினால் தண்டித்தன. அவற்றை மரணத்திற்கான பள்ளிகள் என்று அவர் கண்டித்தார். ஜீவனுக்கான பள்ளியை நாடினார். ஆசிரியரின் உயிருள்ள வார்த்தையும், ஆசிரியரும் மாணவரும் கூடிப் பேசும் உரையாடலுமே கல்வி என்றார். 1844-இல் ரோடிங் என்னும் ஊரில் அத்தகைய முதல் பள்ளி எழுந்தது. உழவர் வீட்டு வாலிபர் குளிர்கால மாதங்களில் அங்கே தங்கிப் பயின்றனர். நுழைவுத் தேர்வும் இல்லை; இறுதித் தேர்வும் இல்லை.

இவருடைய வழியைப் பின்பற்றிய கிறிஸ்டன் கோல்ட் என்னும் ஆசிரியரைப் பற்றி ஒரு நிகழ்ச்சி சொல்லப்படுகிறது. தாம் கேட்ட பாடங்கள் நினைவில் நிற்கவில்லையே என்று ஒரு மாணவர் வருந்தினார். நிலத்தடியில் வடிகால் குழாய் பதித்தால், பின்னர் கண்டுபிடிப்பதற்காக அடையாளம் நடவேண்டும். தானியம் விதைத்த இடத்திற்கு அடையாளம் வேண்டியதில்லை, அது தானாகவே முளைத்து வரும் என்று கோல்ட் தேற்றினாராம். விதைக்கிறவனின் உவமையை அறிந்த நமக்கு இந்த மறுமொழி புதிதன்று.

அந்த விதை முளைத்தது. 1864-ஆம் ஆண்டுப் போரில் நிலப்பரப்பில் பெரும் பகுதியை இழந்த அந்நாட்டின் உழவர்கள் சோர்ந்துபோகவில்லை. 1882-இல் முதல் கூட்டுறவுப் பால்பண்ணையை நிறுவினர். விரைவில் அவை நாடெங்கும் பரவின. அவ்வியக்கத்தில் முன்னின்றோரில் பலர் மக்கள் கல்லூரிகளில் பயின்றவர்கள்.

டென்மார்க்கின் பல்கலைக்கழகங்கள் தேர்வை ஒழித்துவிடவில்லை. ஆனால் வாய்மொழித் தேர்வுக்கு அங்கே சிறப்பிடம் உண்டு. மாணவர் தம் ஆசிரியருக்கு எதிரே அமர்ந்து உரையாடுவார். பல தேர்வுகளில் வெளியிலிருந்து வரும் தேர்வாளர் ஒருவரும் உடனிருப்பார். ஆசிரியரைப் பெயர் சொல்லி அழைப்பதும், அவர் கூற்றை மறுத்துக் கேள்வி கேட்பதும் அங்கே அவமரியாதை ஆகாது. எவ்வளவு நினைவிருக்கிறது என்பதைவிட, எப்படிச் சிந்திக்கிறார் என்பதே அங்கே பெரிதும் கவனிக்கப்படுகிறது.

நம் ஆண்டவர் பன்னிரண்டு வயதில் தேவாலயத்தில் போதகர்கள் நடுவே அமர்ந்து, அவர்கள் சொல்வதைக் கேட்டதோடு வினவியும் கொண்டிருந்தார். உயிர்த்தெழுந்தபின் திபேரியாக் கடற்கரையில் பேதுருவை அவரே சோதித்தார். மூன்று முறை மறுதலித்தவனிடம் மூன்று முறை கேட்டார். தாம் போதித்தவற்றை ஒப்பிக்கச் சொல்லவில்லை. தம்மிடம் அன்பு உண்டா என்றே கேட்டார். அந்தச் சோதனை பேதுருவைத் தள்ளிவிடவில்லை. மந்தையை மேய்க்கும் பொறுப்பை அவன் கையில் ஒப்புவித்தது.

அன்பானவர்களே, தேர்வு தேவையற்றது என்று நான் சொல்லவில்லை. மருத்துவம் பார்ப்பவரும் பாலம் கட்டுபவரும் சோதித்தறியப்பட வேண்டியவர்களே. ஆனால் மதிப்பெண்ணுக்கு அஞ்சி உயிரை மாய்த்துக்கொள்ளும் பிள்ளைகளைப் பற்றிய செய்தி ஆண்டுதோறும் நம்மை வந்தடைகிறது. மதிப்பெண் ஓர் அளவுகோலாக இருக்கலாம். அதுவே ஒரு பிள்ளையின் மேல் கூறப்படும் இறுதித் தீர்ப்பாகிவிடக் கூடாது. தேர்வு முடிவு வரும் நாளில், எண்ணிக்கையைக் கேட்பதற்கு முன் பிள்ளையை அருகே அமர்த்திச் சாப்பிடச் சொல்லுங்கள். கடற்கரையில் நம் ஆண்டவரும் சீஷர்களுக்கு உணவளித்த பின்னரே கேள்வி கேட்டார்.

சபையாகிய நாமும் நம்மைச் சோதித்துப் பார்ப்போம். ஓய்வுநாள் பள்ளியில் மனப்பாட வசனங்களுக்குப் பரிசளிக்கிறோம், நல்லது. அவ்வசனத்தால் அவ்வாரம் உன் நடக்கையில் என்ன மாறியது என்று கேட்க நேரம் ஒதுக்குகிறோமா? திடப்படுத்தல் ஆயத்த வகுப்பில் வினாவிடையை ஒப்புவிக்கும் பிள்ளை, தன் சொந்தக் கேள்வியை அச்சமின்றிக் கேட்கவும் இடமளிக்கிறோமா? பிள்ளைகளின் உள்ளத்தில் விதைக்கிறவர்களாயின், முளைத்து வரும்வரை பொறுமையாய்க் காத்திருப்பதும் நம் ஊழியமே. விளையச் செய்கிறவர் தேவன். அவருக்கே மகிமை உண்டாவதாக. ஆமென்.