அளந்த கம்பியும் அமைக்கும் திருகும்

பௌதிகவியல் பயின்ற நம் மாணவர் எவரும் அழுத்தமானியை அறிவர். ஆய்வுகூட மேசையிலே நீண்ட பலகை. அதன்மீது பல வரிசையாக இழுத்துக் கட்டப்பட்ட சீரான கம்பி. கம்பிக்கு மாறா மின்னோட்டம் வழங்கும் சேமிப்புக்கலம். கம்பியைத் தொட்டுத் தொட்டு நகரும் சாவி. கல்வனோமானியின் முள் பூச்சியத்தில் நிற்கும் புள்ளியைத் தேடிக் குனிந்திருக்கும் மாணவன். இக்காட்சி கண்டியிலும் பேராதனையிலும் மட்டுமன்று, ஈழத்தின் எந்தக் கல்லூரியிலும் காணத்தக்கதே. அதே மாணவன் மாலையில் வீடு சென்று, துளைகள் நிறைந்த வெண்ணிறப் பலகையொன்றிலே திரான்சிற்றர்களையும் தடையிகளையும் செருகித் தன் மனம்போல் ஒரு சுற்றை அமைக்கின்றான். அங்கே விரல்நுனியளவேயான நீலப் பெட்டியொன்று இருக்கின்றது. அதன் தலையிலுள்ள பித்தளைத் திருகைச் சிறு திருப்புளியால் திருப்புகின்றான். பலகைமேல் நீண்டு கிடக்கும் கம்பிக்கும் இந்த நீலப் பெட்டிக்கும் ஆங்கிலத்தில் வழங்கும் பெயர் ஒன்றே: பொற்றென்சியோமீற்றர்.

நம் தமிழ்ப் பாடநூல்கள் தந்த 'அழுத்தமானி' என்னும் சொல் முன்னதற்கு மிகப் பொருத்தமானது; அது அழுத்தத்தை மானிப்பது, அதாவது அளப்பது. பின்னதோ எதனையும் அளப்பதன்று. வேண்டிய அழுத்தத்தை அமைத்துக் கொடுப்பதே அதன் பணி. பிரித்தானிய நூல்களின் வழக்கைப் பின்பற்றி இதனைப் 'பிரீசெட்' என்று சொல்வோரும் உளர். முன்கூட்டியே அமைத்து வைப்பது என்பது அதன் கருத்து. அளக்கும் கருவியின் பெயர் அளவாத உறுப்பொன்றுக்கு எவ்வாறு வந்தது? பெயர் மட்டும் எஞ்ச, உறவு முற்றாக அறுந்துவிட்டதா? இவ்விரு வினாக்களையுமே இங்கு ஆராய்வோம். ஓர் இலக்கப் பன்மானியை வைத்துக் கணப்பொழுதில் அழுத்தம் அறியக்கூடிய இக்காலத்தில், நீண்ட கம்பியோடு மாணவரை மாரடிக்க விடுவது வீண் என்று கருதுவோர் ஆசிரியரிடையேயும் உள்ளமையால், இவ்வாராய்ச்சி வெறும் சொல்லாராய்ச்சி அன்று.

பேர்லினில் வாழ்ந்த யொகான் கிறித்தியன் பொக்கெண்டோர்வ் என்னும் அறிஞர் 1841ஆம் ஆண்டில் ஈடுசெய்முறை ஒன்றை வெளியிட்டார். அக்காலத்து மின்கலங்களின் மின்னியக்க விசையை அளத்தல் பெருந்தொல்லையாக இருந்தது. அளக்கும் கருவியை இணைத்தவுடனே கலத்திலிருந்து மின்னோட்டம் பாயும். பாய்ந்தவுடன் கலத்தின் உட்டடை காரணமாக அழுத்தம் வீழும். அளக்க முற்படும் செயலே அளவைக் கெடுத்தது. பொக்கெண்டோர்வ் கண்ட வழி பொற்கொல்லரின் தராசு போன்றது. அறியாத அழுத்தத்துக்கு எதிராக, அறிந்த அழுத்தமொன்றைக் கம்பியிலிருந்து சிறிது சிறிதாக எடுத்து வைத்துச் சமன்செய்தால், இடையே மின்னோட்டம் எதுவும் பாயாத ஒரு நிலை தோன்றும். அந்நிலையில் கலத்திலிருந்து நாம் ஒன்றையும் கவர்வதில்லை. 400 சதமமீற்றர் நீளக் கம்பியின் முனைகளுக்கிடையே 2 வோல்ற்று நின்றால், ஒவ்வொரு சதமமீற்றருக்கும் 5 மில்லிவோல்ற்று வீழ்ச்சி. 290ஆம் சதமமீற்றரில் முள் பூச்சியமானால் அறியாத கலம் 1.45 வோல்ற்று. நீளத்தை அளந்தோம், அழுத்தம் விடையாக வந்தது. இம்முறையின் தூய்மை எத்தகையதெனின், 1911 முதல் 1990 வரை உலகின் அழுத்த அளவுக்கு ஆதாரமாயிருந்த வெசுற்றன் நியமக் கலத்தை ஏனைய கலங்களோடு ஒப்பிடுவதற்கும் இத்தகைய சமன்முறையே கையாளப்பட்டது.

இனி, இக்கம்பியின் இயல்பை நம்மூர்ப் புகையிரதத்தைக் கொண்டு விளக்கலாம். 1867இல் கண்டியை எட்டிய இருப்புப்பாதையிலே கொழும்பிலிருந்து ஒருவர் வருகின்றார் என்க. கொழும்பு கடல்மட்டத்தில் உள்ளது. கண்டி ஏறக்குறைய 500 மீற்றர் உயரத்தில் உள்ளது. வண்டி நிற்கும் ஒவ்வொரு நிலையத்துக்கும் ஓர் உயரம் உண்டு. மொத்த உயரத்தின் எந்தப் பங்கு வேண்டுமாயினும், பாதையில் அதற்கான இடத்திலே வண்டியை நிறுத்தினாற் போதும். பாதையே தடை, உயரமே அழுத்தம், வண்டியே நடுவில் நகரும் தொடுமுனை. ஆனால் ஒன்றைக் கவனித்தல் வேண்டும். பொல்காவலை வரையில் பாதை பெரும்பாலும் தாழ்நிலத்திலேயே ஓடுகின்றது. ரம்புக்கனையைக் கடந்த பின்னரே கடுகண்ணாவை நோக்கிய பேரேற்றம் தொடங்குகின்றது. பாதித் தூரம் கடந்தவர் பாதி உயரம் ஏறியவர் அல்லர். வானொலியின் ஒலியளவுக் குமிழிலே இருக்கும் உறுப்பு இத்தகைய பாதையே: தொடக்கத்தில் மெல்லவும் இறுதியில் விரைந்தும் ஏறும். நம் செவி ஒலியின் மிகுதியை மடக்கை முறையில் உணர்வதால் அவ்வாறு அமைத்தனர். சுற்றுப் பலகையில் ஏறும் சிறு திருகுக்கோ பெரும்பாலும் சீரான ஏற்றம். ஆய்வுகூடக் கம்பியைப் போலவே.

வானொலி என்றோம். அளக்கும் கருவி அமைக்கும் உறுப்பாக மாறியது அத்துறையிலேதான். எட்வேட் ஹாப்பர் என்னும் தந்தித்துறைப் பொறியியலாளரின் முயற்சியால் கொழும்பில் ஒலிபரப்பு 1925 டிசெம்பர் 16ஆம் நாள் முறையாகத் தொடங்கியது. அக்காலத்து மின்கல வானொலிகளின் முகப்பிலே வால்வுகளின் இழையைக் கட்டுப்படுத்தும் மாறுந்தடையும், நெய்யரி அழுத்தத்தைச் சரிசெய்யும் பொற்றென்சியோமீற்றரும் குமிழ்களாக நின்றன. கம்பி வட்டமாக வளைந்தது; அளவுகோல் மறைந்தது; கல்வனோமானி நீங்கியது. இத்தனை வோல்ற்று என்று கேட்போர் இலர். ஒலி தெளிவாகக் கேட்டதா என்பதே கேள்வியாயிற்று. செவி முள்ளின் இடத்தைப் பிடித்துக்கொண்டது.

அடுத்த திருப்பம் எலுமிச்சம்பழத்தால் நேர்ந்தது என்றால் வியப்பாக இருக்கும். கலிபோர்னியாவிலே பழத்தோட்டக் கூட்டுறவு நிறுவனமொன்றில் பணியாற்றிய நண்பர் சாற்றின் அமிலத்தன்மையை அளக்க வழி கேட்க, ஆர்ணல்ட் பெக்மன் என்னும் வேதியியற் பேராசிரியர் 1934இல் அமிலமானி ஒன்றை ஆக்கினார். கண்டியைச் சுற்றியுள்ள தேயிலைத் தோட்டங்களுக்கு இக்கருவியின் அருமை சொல்லத் தேவையில்லை. 1867இல் ஜேம்ஸ் ரெயிலர் லூல்கந்துரையில் பயிரிட்ட நாள்தொட்டு இம்மலைநாட்டின் வாழ்வு தங்கியிருக்கும் அச்செடி, அமிலத்தன்மையுள்ள மண்ணையே விரும்புவது. அமிலமானியின் குமிழை மிக நுண்ணிதாகத் திருப்ப வேண்டியிருந்தமையால், பெக்மன் தடைக்கம்பியைச் சுருளேணி போலப் பல சுற்றாகச் சுற்றி, தொடுமுனை அதனோடு ஏறியிறங்குமாறு செய்தார். ஹெலிப்பொற் எனப் பெயர்பெற்ற அவ்வுறுப்பு பத்து முறை சுழன்று முழுப் பாதையையும் கடக்கும். ஆய்வுகூடத்தின் நெடுங்கம்பி உள்ளங்கையில் அடங்கியது எனலாம்.

இரண்டாம் உலகப்போரில் ராடர் கருவிகளுக்கு இவ்வுறுப்பு பெரிதும் தேவைப்பட்டது. அதிர்ச்சியைத் தாங்கும்படி அது திருத்தி அமைக்கப்பட்டதும் அக்காலத்திலேயே. 1944 ஏப்ரிலில் மவுண்ட்பற்றன் பிரபு தென்கிழக்காசியப் படைத் தலைமையகத்தைத் தில்லியிலிருந்து பேராதனைப் பூங்காவுக்கு மாற்றினார். அப்பூங்காவின் மரநிழலிலிருந்து நடத்தப்பெற்ற போரும் ராடரையும் வானொலியையும் நம்பிய போரே. இன்று அவ்வழியே நடப்போர் மரங்களையும் ஓர்க்கிட் மலர்களையுமே காண்பர், அதுவும் நல்லதே.

நாம் தேடும் சிறு திருகு 1952இல் பிறந்தது. மார்லன் போண்ஸ் என்பவர் மனைவி ரோஸ்மேரியுடன் 1947இல் கலிபோர்னியாவின் அல்ரடீனாவில், வீட்டு வண்டிக் கொட்டகையிலே, விமானங்களுக்கான உணர்கருவிகளைச் செய்யத் தொடங்கியவர். குமிழாக முகப்பில் நிற்காது, பெட்டிக்குள்ளே மறைந்திருந்து, ஒருமுறை சரிசெய்தபின் தொடப்படாமல் இருக்கும் உறுப்பாக அவர் இதனை ஆக்கினார். திரிம்பொற் என்பது அவர் இட்ட வணிகப் பெயர். திரான்சிற்றர் பரவத் தொடங்கிய காலம் அது. ஒரே பெயரும் ஒரே இலக்கமும் தாங்கிய இரு திரான்சிற்றர்களின் பெருக்கம் ஒன்றுக்கொன்று இருமடங்கு வேறுபடுதல் அக்காலத்தும் இக்காலத்தும் சாதாரணம். வரைபடத்தில் எல்லாம் ஒத்திருக்கும், மேசையில் ஒவ்வாது. அந்த இடைவெளியை நிரப்பவே திருகு வந்தது.

நம் வீணை வித்துவான்களுக்கு இது புதிதன்று. பிருடையை முறுக்கித் தந்தியை ஏறக்குறையச் சுருதிக்குக் கொண்டு வருவர். பின்னர் நாகபாசத்தருகே உள்ள சிறு வளையங்களை மயிரிழையளவு நகர்த்திச் சுருதியைச் சேர்ப்பர். பிருடையாலேயே நுண்சுருதியையும் பிடிக்க முயல்வோன் தந்தியை அறுத்துக்கொள்வான்.

பேராதனைக்கு இக்கலை பாடமாக வந்தது பின்னரே. 1950இல் கொழும்பில் தோன்றிய பொறியியற் பீடம், அதன் முதற் பீடாதிபதியான பேராசிரியர் ஈ. ஓ. ஈ. பெரேராவின் முயற்சியால் 1964இல் மகாவலிக் கரைக்கு வந்தது. இறக்குமதிக் கட்டுப்பாடுகள் கடுமையாக இருந்த, 1977க்கு முந்திய ஆண்டுகளில் உதிரி உறுப்புகள் கிடைத்தல் அரிது. பழுதடைந்த வானொலிப் பெட்டியே பலருக்குச் சுரங்கம். 1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் வெளிவந்த, ஈயம் உருக்காமலே உறுப்புகளைச் செருகும் துளைப்பலகை பிற்காலத்தில் மாணவர் கைக்கும் எட்டியது. பிரெட்போட் என்னும் அதன் பெயர், பழைய வானொலி ஆர்வலர் வீட்டுப் பாண் வெட்டும் பலகையிலே ஆணியடித்துச் சுற்றமைத்த காலத்தின் எச்சம். பின்னர் 2005இல் இத்தாலியில் பிறந்த ஆடுயினோ வந்தது. எழுத்துக் காட்டும் சிறு திரையை அதனோடு இணைக்கும் மாணவன், எழுத்துகள் துலங்குவதற்காக முதன்முதல் திருப்புவது பெரும்பாலும் 10 கிலோ ஓம் திருகே. '103' என்னும் குறி அதன்மேல் இருக்கும்: 10ஐ எழுதி மூன்று பூச்சியம் சேர்க்க என்பது அதன் பொருள்.

மேசையிலே நிகழும் பிழைகளுள் பெரும்பாலானவை, நெடுங்கம்பியின் பாடத்தை மறந்தமையால் நேர்பவை. 5 வோல்ற்றுக்குக் குறுக்கே 10 கிலோ ஓம் திருகை இணைத்து நடுவில் நிறுத்தினால் 2.5 வோல்ற்று கிடைக்கும். அதனோடு 10 கிலோ ஓம் தடையுள்ள அடுத்த பகுதியைச் சேர்த்ததும் அழுத்தம் 2 வோல்ற்றாக வீழும். திருகு பழுது என்று மாணவன் அதனை மாற்றுவான். புதியதும் அவ்வாறே செய்யும். பொக்கெண்டோர்வ் எதனைத் தவிர்க்கக் கம்பியை நாடினாரோ அதே குற்றம் இது: தொடுமுனையிலிருந்து மின்னோட்டத்தைக் கவர்ந்துவிட்டோம். பூச்சிய முள்ளைத் தேடிப் பழகிய கை இதனை உடனே உணரும். பன்மானி மட்டும் அறிந்த கைக்கு ஒருவர் சொல்லித்தர வேண்டியிருக்கும். நெடுங்கம்பியை ஆய்வுகூடத்திலிருந்து அகற்றலாகாது என்று யான் கருதுவதற்கு இதுவே முதற் காரணம்.

நுண்மை வேண்டுவோர் முழுப் பாதையையும் திருகுக்குக் கொடுத்தல் ஆகாது. நடுவே 1 கிலோ ஓம் திருகும் இருபுறமும் 4.7 கிலோ ஓம் நிலைத்தடையிகளும் வைத்தால், திருகின் முழுச் சுழற்சியும் ஏறக்குறைய அரை வோல்ற்றுக்குள் அடங்கிவிடும். வீணையின் வளையம் போல அது நுண்ணிதாக இயங்கும். இரு முனைகளை மட்டும் பயன்படுத்தி மாறுந்தடையாக வைப்போர், எஞ்சிய முனையைத் தொடுமுனையோடு இணைத்தல் நன்று. ஈரமும் தூசும் படிந்து தொடுமுனை கணப்பொழுது விலகினாலும், சுற்று அறுபடாமல் முழுத்தடையேனும் எஞ்சி நிற்கும். மழையும் மூடுபனியும் மிகுந்த நம் ஊரில் இது புறக்கணிக்கத்தக்க எச்சரிக்கை அன்று. தொடரிலே ஒரு நிலைத்தடையியும் வேண்டும். இல்லையேல் திருகு ஓரத்துக்குச் சென்ற கணத்திலே தடை பூச்சியமாகி, விலையுயர்ந்த உறுப்பு புகையாகும். இவற்றுக்கெல்லாம் மேலாக, இத்திருகு ஓயாது திருப்புவதற்கு உரியதன்று. 25 சுற்றுள்ள நல்ல வகைக்கே இருநூறு முறை முழுதும் திருப்புவதுதான் உறுதியளிக்கப்பட்ட ஆயுள்.

உறவு அறுந்ததா என்ற வினாவுக்கு இப்போது வருவோம். அந்தி மயங்கியதும் தானே எரியும் விளக்கொன்றை மாணவன் அமைக்கின்றான் என்க. ஒளியுணர் தடையியோடு தொடராகத் திருகை இணைத்து, இரண்டும் சந்திக்கும் புள்ளியிலிருந்து ஒப்பீட்டுச் சுற்றுக்குக் கம்பி கொடுக்கின்றான். எவ்வளவு இருளில் விளக்கு எரிய வேண்டும்? எந்த நூலும் இதற்கு விடை தராது. ஹந்தானைச் சாரலை ஒட்டிய வீட்டின் முற்றத்திலே, வானில் வெளிச்சம் நிற்கும்போதே மலைநிழல் விழுந்துவிடும். யாழ்ப்பாணத்து வெட்டவெளியிலோ இறுதிக் கதிர்வரை ஒளி நிற்கும். ஆகவே அவன் முற்றத்திலே அமர்ந்து பொழுதை நோக்கியிருந்து, வேண்டிய கணத்தில் விளக்கு எரியும்வரை திருகை மெல்லத் திருப்புகின்றான். அப்போது அவன் செய்வது அமைத்தலா, அளத்தலா? அறியாத ஒன்றைச் சமனிலையால் தேடுகின்றான். விளக்கே அவனுக்கு முள்.

ஆனால் பலர் அத்தோடு நிறுத்திவிடுகின்றனர். விளக்கு எரிந்தது, போதும் என்று திருகை அப்படியே விட்டால் அறிந்தது எதுவும் இல்லை. மின்னை நிறுத்தி, திருகைப் பலகையிலிருந்து மெல்லப் பிடுங்கியெடுத்து, பயன்பட்ட முனைகளுக்கிடையே தடையை அளத்தல் வேண்டும். பலகையில் இருக்கும்போதே அளந்தால் அயலிலுள்ள உறுப்புகளின் வழியும் மின்னோட்டம் சென்று பொய்யளவு காட்டும். பன்மானி 6.7 கிலோ ஓம் எனக் காட்டுமாயின், கடையில் கிடைக்கும் நிலைத்தடையிகளுள் அதற்கு அண்மையது 6.8. அதனை வாங்கித் திருகின் இடத்திலே செருகி, அடுத்த நாள் அந்தியிலும் முற்றத்தில் இருந்து பார்க்க வேண்டும். விளக்கு உரிய நேரத்தில் எரிந்தால், குறிப்பேட்டில் 6.8 என்று இடமும் நாளும் சேர்த்து எழுதிக்கொண்டு, நீலத் திருகை அடுத்த சுற்றுக்காகப் பெட்டியில் இடலாம்.